ஐந்தாவது மன்றாட்டு

என் மகள் லவீத்தாவுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஜூன் இருபத்துநாலாம் தேதி சாஞ்ஜாவ் வருகிறது, இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஸ்நானக அருளப்பர் திருவிழா. அன்றைக்குப் புது மாப்பிள்ளை பலாப்பழத்தோடு மாமியார் வீட்டுக்கு வந்து, தலையில் பூக்கிரீடம் வைத்துக்கொண்டு, மாமியார் வீட்டுக் கிணற்றில் குதித்தாக வேண்டும். குதித்து எழுந்து வருகிறவனுக்கு மாமியார் ஒரு புட்டி ஃபெனிச் சாராயம் கொடுப்பாள். ஊர்ப் பையன்களும் பாட்டும் கொட்டுமாக வீடு வீடாகப் போய்க் கிணறு கிணறாகக் குதிப்பார்கள். மாப்பிள்ளை குதிக்காத வீட்டைப் பற்றி அடுத்த வருஷம் வரைக்கும் பேசுவார்கள். அதனால் எல்லா மாமியார்களும் மாப்பிள்ளை குதிக்க வேண்டுமே என்று கவலைப்படுவார்கள். குதித்துவிடுவானே என்று கவலைப்பட்டவள் கோவாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். லவீத்தாவுக்குப் போன் போட்டு, மழை பலமாக இருக்கிறது, இந்த வருஷம் வர வேண்டாம் என்றேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு இந்தப் பக்கத்து மழை தெரியாதா என்ன. சிரித்தாள். மறுநாள் எனக்குக் காய்ச்சல் என்றேன். அப்படியானால் இரண்டு நாள் முன்பே வந்து கூடமாட வேலை செய்கிறேன் என்றாள். பயந்துபோய் அன்று சாயங்காலமே காய்ச்சலைக் குணப்படுத்திக்கொண்டேன். கடைசியாகக் கிணற்றில் தண்ணீர்ப் பாம்பு இருக்கிறது என்றேன். மாப்பிள்ளை இனாஸ் போனை வாங்கினான். படகுத்துறையில் வேலை பார்க்கிறவன். என்னை மாய் என்றுதான் கூப்பிடுவான், அம்மா என்கிற மாதிரி.

"பாம்பா? கவலைப்படாதீங்க மாய். எங்க துறையில ஒருத்தன் பாம்பு பிடிப்பான். அவனையும் கூட்டிட்டு வரேன். சாப்பாடு மட்டும் ஒரு ஆளுக்குக் கூடுதலா செஞ்சிடுங்க."

ஆக, இல்லாத பாம்பைப் பிடிக்க வருகிற ஆளுக்கும் சேர்த்து நான் பன்றிக் கறி சமைக்க வேண்டியதாயிற்று.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். எங்கள் வீடு எங்களுடையது, வீடு நிற்கிற மண் நிலக்கிழார் அலேஷ் பாப்புடையது. பாப் என்றால் ஐயா என்கிற மாதிரி. எங்கள் வரிசையில் ஏழு வீடுகளுக்கும் இதே கதைதான். மண்ணை எங்கள் பேருக்கு வாங்கிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்காக வழக்குப் போட்ட என் மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார், தொடர்ந்து நடத்திய என் வீட்டுக்காரரும் போய்விட்டார், வழக்கு மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. போன வருஷம் அலேஷ் பாப்பே ஒரு நாள் வீட்டுக்கு வந்து, இந்த வழக்கெல்லாம் எதற்கு லிந்தா, பத்திரத்தில் நானே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு, மழை முடியட்டும் என்றார். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றார். கடைசியாக, சாஞ்ஜாவ் முடியட்டும் என்றார்.

இதற்கு நடுவில்தான் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு அறை வைத்து ஒரு விடுதி கட்டினார். அக்டோபரில் ஒரு மத்தியானம், அங்கே வேலை செய்த பஸ்தியான் கொத்தனார் என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார். விடுதியின் கழிவுக் குழி என் கிணற்றிலிருந்து பத்தடிதான் தள்ளியிருக்கிறது, அடியில் சிமெண்டும் போடவில்லை, போட வேண்டாம் என்று பாப் சொல்லிவிட்டார் என்றார். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள் என்றும் சொல்லிவிட்டு, சொம்பை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

விடுதிக்கு ஆட்கள் வர ஆரம்பித்ததும் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாடை வந்தது. மோந்து பார்த்தால்தான் தெரியும். நான் மோந்து பார்த்தேன். அன்றிலிருந்து தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தேன். அதே கிணற்றில் இறைக்கிற பக்கத்து வீட்டு பெர்பேத் ஏன் என்று கேட்டதற்கு, ராட்டினம் இழுத்தால் தோள்பட்டை வலிக்கிறது என்றேன். பாவம், அவள் எனக்குத் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள்.

அலேஷ் பாப்பைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தன் காரிலேயே கூட்டிப் போவார். கோயிலுக்குப் புது மைக் செட் வாங்கிக் கொடுத்தவர். எந்தச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். அவர் சிரித்துப் பேசினால் எதிரில் இருப்பவருக்குத் தானும் ஒரு பெரிய மனிதர் என்று தோன்றிவிடும்.

தவக்காலத்தில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது லூரென்ஸ் பாதரிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன். ஒருவர் ஒரு தப்புச் செய்கிறார், அது எனக்குத் தெரியும், வாயைத் திறந்தால் எனக்கு வீடு போய்விடும் என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை.

"பயப்படறது பாவம் இல்ல லிந்தா. பயத்துக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்க்கறதுதான் பாவம். முதல்ல அவர்கிட்டயே தனியா போய்ச் சொல்லு," என்றார்.

போனேன். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அலேஷ் பாப் என்னை உட்காரவைத்தார். கேக் கொடுத்தார். புது விடுதியைச் சுற்றிக் காட்டினார். கழிவுக் குழியைப் பற்றிப் பேசப் போனவள், ஜன்னல் திரைச்சீலை ரொம்ப அழகாக இருக்கிறது பாப் என்று சொல்லிவிட்டு வந்தேன். மீதிக் கேக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டும் வந்தேன். அந்த வெட்கத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

திருவிழா அன்று காலையில் இனாஸும் லவீத்தாவும் வந்து இறங்கினார்கள். கூடவே பாம்பு பிடிக்கிறவன், கையில் ஒரு கவட்டைக் கம்போடு. பலாப்பழத்தை இறக்கிய கையோடு இரண்டு பேரும் கிணற்றை எட்டிப் பார்க்கப் போய்விட்டார்கள். பாம்பு பிடிக்கிறவன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பி வந்தான். பாம்பு இருந்தாலும் இந்தத் தண்ணீரில் ரொம்ப நாள் இருக்காது என்று தன் தொழில் அபிப்பிராயத்தைச் சொன்னான். இனாஸ் சிரித்தான். குதிப்பதற்குத்தானே, குடிப்பதற்கா என்றான். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போனேன்.

எங்கள் கோயிலில் பெரிய பூசைகளுக்கு விசுவாசிகளின் மன்றாட்டை வாசிக்கிறவள் நான்தான். பதினாறு வருஷமாக வாசிக்கிறேன். என் குரல் கணீரென்று இருக்குமாம். அன்றைக்கும் ஐந்து மன்றாட்டு எழுதின தாளை உபதேசியார் கையில் கொடுத்தார். திருச்சபைக்கு ஒன்று, அரசாங்கத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று. ஐந்தாவது, திருவிழாச் செலவை ஏற்றுக்கொண்ட அலேஷ் பாப்புக்கும் அவருடைய புது விடுதிக்கும் தேவ ஆசீர்வாதம் கிடைக்க. அவர் முதல் பெஞ்சில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பதினாறு வருஷப் பழக்கம்.

அன்றைய நற்செய்தி, அருளப்பர் பிறந்த கதை. அவருடைய அப்பா சக்கரியாஸ், பிள்ளை பிறக்கும் என்று தேவதூதரான சம்மனசு சொன்னதை நம்பாததால் ஊமையாகிப்போகிறார். பிள்ளை பிறந்து பேர் வைக்கிறபோதுதான் அவருக்கு வாய் திறக்கிறது. லூரென்ஸ் பாதர் பிரசங்கத்தில், ஒன்பது மாதம் வீட்டுக்காரர் பேசாமல் இருந்ததால் எலிசபெத்தம்மாள் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பாள் என்று சொல்லிப் பெண்களைச் சிரிக்கவைத்தார். நானும் சிரித்துக்கொண்டே, சும்மா விரல் விட்டு எண்ணினேன். அக்டோபர், நவம்பர், டிசம்பர். ஜூனுக்கு வந்தபோது ஒன்பதாவது விரலில் இருந்தேன். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மைக்குக்கு முன்னால் போய் நின்றபோது பாதரைப் பார்க்கவில்லை. இனாஸைத்தான் பார்த்தேன். பூக்கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். பூசை முடிந்தால் நேராகக் கிணற்றுக்குத்தான் போவான். என் மேல் இருக்கிற மரியாதைக்காகவே தலைகீழாகக் குதிப்பான்.

முதல் நாலு மன்றாட்டையும் வாசித்தேன். ஒவ்வொன்றின் முடிவிலும் ஊரே சேர்ந்து, ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. ஐந்தாவதற்கு வந்தேன். தாளில் எழுத்து இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. தாள் மைக்கில் உரசி, கூரை மேல் மழை பெய்கிற மாதிரி சத்தம் வந்தது. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"எங்கள் பங்கைச் சேர்ந்த அலேஷ் பாப்புக்காக. எங்கள் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, அடியில் சிமெண்ட் போடாமல், பன்னிரண்டு அறைக்கான கழிவுக் குழியை வெட்டியிருக்கிற அவருக்கு, அதை மூடிவிட்டு வேறு இடத்தில் ஒழுங்காகக் கட்டுகிற நல்ல மனதைக் கொடுக்கும்படி, ஆண்டவரை மன்றாடுவோம்."

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மன்றாடுவோம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், முன்னால் என்ன சொன்னார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. ஞானஸ்நானம் வாங்கின நாளிலிருந்து ஊறின பழக்கம். முந்நூறு பேரும் ஒரே குரலில், ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று முழங்கினார்கள். தன் பேர் வருவதற்காகக் காத்திருந்த அலேஷ் பாப்புடைய குரல்தான் அதில் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது.

அதற்குப் பிறகுதான் ஊருக்குக் காது கேட்டது. பாட்டுக் குழுவில் ஒருவருக்குப் புரையேறியது. பின் பெஞ்சுகளிலிருந்து முன் பெஞ்சுவரைக்கும் ஒவ்வொரு வாயாகத் திறந்துகொண்டே வந்ததை நான் மேலே நின்று பார்த்தேன். அலேஷ் பாப்பின் முகம் அவர் போட்டிருந்த கோட்டைவிட வெளுத்திருந்தது. வீடு போயிற்று, என் வாயாலேயே போயிற்று என்று நினைத்தேன். அதே நேரத்தில், சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குப் பசித்தது. ஒன்பது மாதம் கழித்து நிஜமான பசி.

லூரென்ஸ் பாதர் முடிவு ஜெபத்தைச் சொல்லி எல்லாவற்றையும் மூடியிருக்கலாம். அவரோ கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். ஆற அமரத் துடைத்தார். பிறகு, வேறு யாருக்காவது மன்றாட்டு இருக்கிறதா என்று கேட்டார்.

அப்புறம் பெண்கள் பக்கத்தில் பெர்பேத் எழுந்தாள். மைக் இல்லாமலே அவளுக்குக் குரல் போதும்.

"மாசி மாசம் மூணு நாள் ஆஸ்பத்திரியில கிடந்த என் பையன் நெவிலுக்காக. எந்தத் தண்ணியக் குடிச்சு அப்படி ஆச்சுன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது. இனிமே எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஆகாம இருக்க, ஆண்டவரை மன்றாடுவோம்."

இந்த முறை யாரும் பழக்கத்தில் சொல்லவில்லை. எங்கள் வரிசை ஏழு வீட்டுக்காரர்களிடமிருந்தும் முதலில் பதில் வந்தது, அதற்குப் பிறகு மற்றவர்களிடமிருந்து. முதல் தடவை மாதிரி முழக்கமாக இல்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் கேட்டது.

அது அடங்குவதற்குள் தூணுக்குப் பின்னாலிருந்து பஸ்தியான் கொத்தனார் எழுந்தார். சிமெண்ட் போடாமல் குழி கட்டிக் கொடுத்துவிட்டு, ராத்திரியில் தூக்கம் வராமல் கிடக்கிற ஒரு கொத்தனுக்காக மன்றாடுவோம் என்றார். அதற்கு வந்த பதிலில் பாதி சிரிப்பு. பாதரும் உதட்டைக் கடித்துக்கொண்டு பலிபீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அலேஷ் பாப் படிக்கட்டில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். ஜனங்கள் சுற்றிலும் நின்றார்கள், யாருக்கும் வீட்டு ஞாபகமே இல்லை. அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சிரித்த முகத்தோடே, "அந்தப் பத்திரத்தை மறந்துடு லிந்தா," என்றார்.

இதைக் கேட்கத்தான் நான் ஒன்பது மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். கேட்டாயிற்று. இதற்கு மேல் பயப்பட என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க பாப். பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல," என்றேன்.

அவர் சுற்றிப் பார்த்தார். ஏழு வீட்டுக்காரர்களும் நின்றார்கள். கிரீடமும் கொட்டுமாக நின்ற பையன்கள் கொட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். என் மாப்பிள்ளையும், காரணமே தெரியாமல் கவட்டைக் கம்போடு பாம்பு பிடிக்கிறவனும் எனக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றுகொண்டார்கள். அலேஷ் பாப் தொண்டையைக் கனைத்தார்.

"திங்கட்கிழமை குழியை மூடச் சொல்றேன்னு சொன்னேன்," என்றார் சத்தமாக.

பஸ்தியான் கொத்தனார் கூட்டத்திலிருந்தே, "நான் வந்துடறேன் பாப். இந்தத் தடவை அடியில இருந்தே போட்டுடறேன்," என்றார். பாப் காரில் ஏறிப் போய்விட்டார். பத்திரத்தைப் பற்றி மட்டும் அவர் சத்தமாக எதுவும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் அதில் கையெழுத்து விழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கு இன்னும் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. எங்கள் வரிசையில் ஏழு பேரும் சேர்ந்து அதற்கு ஒரு புது வக்கீல் பார்த்திருக்கிறோம்.

கிணற்றில் குதிக்க முடியாதென்று ஆனதும் கொட்டும் பாட்டுமாக மொத்தக் கூட்டமும் வயலோரத்து ஓடைக்குப் போயிற்று. மழைத் தண்ணீர் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. இனாஸ் முதலில் குதித்தான். அவன் எழுந்து வந்து, பாம்பு கிடையவே கிடையாதா மாய் என்று கேட்டான். கிடையாது என்றேன். காய்ச்சல்? அதுவும் கிடையாது. புட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, பன்றிக் கறியாவது உண்டா என்றான்.

அப்போதுதான் பெர்பேத் கரையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். எல்லாரும் என்னைப் பார்த்து, லிந்தாக்கா என்ன தைரியம், என்ன தைரியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன்.

"அடியில சிமெண்ட் இல்லன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க, லிந்தாக்கா?" என்று கேட்டாள்.

"பஸ்தியான்."

"எப்போ?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்துவிட்டது. முந்நூறு பேருக்கு முன்னால் மைக்கில் அடுத்தவர் தப்பைச் சொன்னவளுக்கு, பக்கத்தில் நிற்கிற ஒருத்தியிடம் தன் தப்பைச் சொல்ல நாக்கு எழவில்லை. அலேஷ் பாப்புக்குப் பயந்ததைவிட அந்த நிமிஷம் அவளுக்குத்தான் பயந்தேன்.

"அக்டோபர்ல," என்றேன்.

பெர்பேத் மெதுவாகக் கணக்குப் போட்டாள். நெவில் ஆஸ்பத்திரியில் கிடந்த மாசி மாதத்தில் வந்து நின்றாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. நான் அந்த மூன்று நாளும் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். தெருக்குழாய்த் தண்ணீரில் வைத்த கஞ்சி.

"தோள்பட்டை வலின்னீங்க. நான் தைலம் கொண்டுவந்து குடுத்தேன்."

"ஆமா."

இரண்டு கையாலும் என்னைப் பிடித்து ஓடையில் தள்ளிவிட்டாள். திருவிழாச் சேலை, கொண்டை, செருப்பு, இடுப்பில் இருந்த மன்றாட்டுத் தாள் எல்லாவற்றோடும் நான் தண்ணீருக்குள் போனேன். பையன்கள் இதுவும் பண்டிகைதான் என்று நினைத்து, விவா சாஞ்ஜாவ் என்று கத்திக் கொட்டினார்கள். எழுந்து நின்றேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். அழுகிறேனா இல்லையா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது.

கரையில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ரொம்பக் கொஞ்ச நேரமில்லை, குனிந்து கையை நீட்டினாள்.

"இன்னும் கோபம் போகல, லிந்தாக்கா. ஏறி வாங்க," என்றாள்.